பழைய புல்லட்

1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து 350 சிசி புல்லட்டைத் திருவொற்றியூரில் தயாரித்தது.

பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். ஸ்டார்ட் செய்யவும் முறை உண்டு. சாவியைப் போட்டு, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக் கிக்கரைச் சற்றே இறக்கி, லீவரை விட்டபின் ஓங்கி ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும்.

சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. நீண்ட ஸ்ட்ரோக்கும் கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்ததால் மெதுவாகப் போனாலும் இழுவை குறையாது.

ரெட்டிச்சில் உற்பத்தி நின்ற பிறகும் சென்னையில் புல்லட் தொடர்ந்து உருவானது.