இதுவரை போலவே

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில், ஞாயிறுதோறும் ஒருவர் கடல் வரைகிறார். சட்டம் படிப்பவர், ஊர் பாம்பன். கடல்சார் சட்டம் குறித்து அவர் எழுதத் தொடங்கிய பருவக் கட்டுரை பாதியில் கிராஃபிக் நாவலாகிவிட்டது. அதற்கு மதிப்பெண் உண்டா என்பது தனிக்கதை.

காரணம் ஒரு சொற்றொடர். 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் ஆறு புள்ளிகளை இணைத்துப் பாக் விரிகுடாவில் எல்லை வகுத்தன. 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் சென்றது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் 'இதுவரை போலவே' தீவுக்குச் சென்றுவரலாம், விசா வேண்டியதில்லை என்கிறது உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு. 'இது' என்பது சுட்டு. சொல்பவரின் நினைவைக் கொண்டே அதன் பொருள் அமையும். வலை உலர்த்தியது, இளைப்பாறியது, அந்தோணியார் கோயில் திருவிழா, மீன்பிடிப்பு: இவற்றில் எவையெல்லாம் அந்த 'இதுவரை'க்குள் அடங்கும்? 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், இலங்கையின் நீர்ப்பரப்பில் இந்தியர் மீன்பிடிப்பதை விலக்கின. இரண்டே ஆண்டுகளில் அச்சொல் தாளில் சுருங்கியது. கரையிலிருந்த முதியவர்களின் நினைவில் சுருங்கவில்லை.

சட்ட வரைபடத்தில் எல்லைக்கோட்டுக்கு அகலம் கிடையாது. சித்திரக்கதையில் இரு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்துக்கு அகலம் உண்டு. அதை வாசகரே தம் மனத்தால் கடக்கவேண்டும் என்பதை ஸ்காட் மெக்கிளௌட் 1993இலேயே விளக்கியிருக்கிறார். பாம்பன் துறை ஒரு கட்டம், நெடுந்தீவு மறு கட்டம் என்று வரைந்தால், நடுவிலுள்ள வெள்ளைத்தாளே கடலாகிவிடுகிறது. நர்மதை அணைச் சிக்கலை ஒரிஜித் சென் 1994இலேயே இவ்வடிவில் விவாதித்தார். பெஞ்சமின் டிக்ஸும் லிண்ட்சே பொல்லாக்கும் உருவாக்கிய 'வன்னி' (2019) ஈழப்போரை இவ்வடிவில் சொன்னது. ஆகவே வடிவம் புதிதன்று.

இடர் வேறிடத்தில் இருந்தது. முதல் வரைவில் சாம்பல்நிறக் கடற்படைக் கலமும் அப்பாவி மீனவரும் மட்டுமே இருந்தனர். எளிய படம், பாதி உண்மை. விசைப்படகின் இழுவைமடி கடலடியை வழித்தெடுக்கிறது. வடக்கிலங்கைத் தமிழ் மீனவரின் வலைகளையும் அறுத்துச் செல்கிறது. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. வரைபவரின் தாய்மாமா செல்வதும் விசைப்படகில்தான். பிடிபட்டுச் சிறையிருந்து மீண்டார், படகு மீளவில்லை. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கை, பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி மீறலுக்கு, நாடுகளிடையே வேறு உடன்பாடு இல்லாதபோது, சிறைத்தண்டனை கூடாது என்கிறது. பாக் விரிகுடாவோ 'வரலாற்று நீர்ப்பரப்பு'. அந்தப் பாதுகாப்பு மாமாவுக்குப் பொருந்தாது. இவ்வளவையும் ஒரே பக்கத்தில் வைக்கச் சட்டக் கட்டுரைக்கு மூன்று அடிக்குறிப்புகளாவது தேவைப்பட்டிருக்கும்.

இரண்டாம் வரைவில், ஆடி மாத விடியலில் நெடுந்தீவுக் கரையில் ஒரு பெண் அறுந்த வலையை விரித்துப் பார்க்கிறாள். அடுத்த கட்டத்தில் மாமா மடியை இழுக்கிறார். முகம் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்பத் துணிவதற்கு மூன்று வாரங்கள் ஆயின.

அவர் நெடுநேரம் பார்த்தாராம். வலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாய்மரம் புடைத்திருக்கும் திசையைக் காட்டி, "ஆடி மாசத்துல ஏது மாப்ளே வாடைக் காத்து?" என்றாராம்.

இந்த ஞாயிறு அந்தப் பாய் மட்டும் அழிக்கப்பட்டு மீண்டும் வரையப்பட்டது.