மறதியை விதித்த உடன்படிக்கை

பேச்சுவார்த்தை என்ற சொல்லைச் செய்தித் தலைப்புகளில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அதனாலோ என்னவோ, பழைய சமாதான உடன்படிக்கைகளைப் பற்றி வாசிக்கும்போது, கையொப்பமிட்ட நாளைவிட அதற்கு முந்திய ஆண்டுகளையே மனம் தேடிப் போகிறது.

1648 ஒக்டோபர் 24இல் கையொப்பமான வெஸ்ட்பாலியா சமாதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1618இல் பிராக் நகர்க் கோட்டையின் சாளரத்தினூடாக மன்னரின் பிரதிநிதிகள் வெளியே வீசப்பட்டதோடு மூண்டது முப்பதாண்டுப் போர். மதச் சண்டையாகத் தொடங்கிய அது, ஹப்ஸ்பேர்க் வம்சத்தை அடக்குவதற்காகக் கத்தோலிக்க பிரான்ஸ் புரட்டஸ்தாந்த சுவீடனுடன் கைகோத்த விநோதத்தில் போய் நின்றது.

சமாதானம் பேச வந்தவர்கள் ஒரே நகரில் கூட அமரவில்லை. பிரான்ஸ் தரப்புடன் மூன்ஸ்டரிலும் சுவீடன் தரப்புடன் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் அப்பாலிருந்த ஒஸ்னாபுறூக்கிலும் பேச்சு நடந்தது. நடுவராக வந்த பாப்பரசரின் தூதர் பாபியோ கீஜி, புரட்டஸ்தாந்தருடன் நேரடியாகப் பேசவே மறுத்தார். எவரை எந்தப் பட்டத்தால் விளிப்பது, எவர் முன்னே நடப்பது என்பவையெல்லாம் பெரும் வழக்குகளாயின. பொதுவான போர்நிறுத்தம் எதுவும் இருக்கவில்லை. மேசையில் பேரம் நடக்க, களத்திலும் அதே பேரம் பீரங்கியால் நடந்தது. கையொப்பத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 1648 ஜூலையில், சுவீடன் படைகள் பிராக்கின் ஒரு பகுதியைப் பிடித்து அரச கலைச் சேகரிப்பை அள்ளிச் சென்றன. அப்போது போன பிரமாண்டமான கையெழுத்து நூலொன்று இன்றும் ஸ்டொக்ஹோமில்தான் இருக்கிறது.

கெட்டித்தனமான ஏற்பாடுகளும் அதிலே இருந்தன. எந்தக் கோவில் எவருக்கு உரியது என்ற நியாயத்தைத் தூதுவர்கள் ஆராயப் புகவில்லை. 1624 ஜனவரி 1இல் எவர் கையில் இருந்ததோ அவரிடமே இருக்கட்டும் என்றார்கள். ஒஸ்னாபுறூக்கில் கத்தோலிக்க ஆயரும் புரட்டஸ்தாந்த ஆயரும் மாறிமாறிப் பதவி வகிக்க வேண்டுமென்றார்கள். ஓக்ஸ்பேர்க்கில் நகரப் பதவிகள் இரு சமயத்தாருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டன. பாப்பரசர் பத்தாம் இன்னசென்ட் கண்டித்தார், எவரும் பொருட்படுத்தவில்லை.

ஆனால் என்னை உறுத்துவது, போரில் நடந்த அனைத்துக்கும் நிரந்தர மறதியும் பொதுமன்னிப்பும் விதித்த வாசகமே. 1631இல் மக்டபேர்க் நகரில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டார்கள். அவர்களுடைய உறவினர் எவரும் அந்த மேசையில் இருக்கவில்லை.

2002இல் இங்கு போர்நிறுத்த உடன்படிக்கை கையொப்பமானபோது, கடந்தவற்றை மறப்போம் என்று நானும் ஒரு கட்டுரையை முடித்திருந்தேன். சில நாட்களில் ஒரு தபாலட்டை வந்தது. "உங்களுக்கு மறக்க என்ன இருக்கிறது?" என்ற ஒரேயொரு வரி, பெயரில்லை. பதில் எழுத முகவரியும் இல்லை. இருந்திருந்தாலும் என்ன எழுதியிருப்பேன் என்று தெரியவில்லை.

ஓக்ஸ்பேர்க் புரட்டஸ்தாந்தர் 1650 முதல் சமாதான விழா எடுத்து வருகிறார்கள். அதற்கு அவர்கள் தெரிந்தெடுத்தது ஒக்டோபர் 24 அல்ல, ஓகஸ்ட் 8. அது 1629இல் அவர்களுடைய போதகர்கள் பதவிநீக்கம் செய்யப்பட்ட நாள். இன்றும் அந்த நகரில் அது பொது விடுமுறை.