வாங்கியும் நமதன்று

காசு கொடுத்து வாங்கிய பொருள் நமது உடைமை. நமது உடைமையை நாம் விரும்பியவர்க்கு விற்கலாம். இஃது உலகறிந்த வழக்கு என்றே நாமும் நம்பியிருந்தோம். அந்நம்பிக்கை சென்ற பள்ளி விடுமுறையில், புக்கிட் பாஞ்சாங்கிலுள்ள நமது அடுக்குமாடி வீட்டின் கூடத்திலேயே பொய்த்துப் போயிற்று.

நிகழ்ந்தது இது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் கேம் கன்சோல் ஒன்று, நம் மகன் மேற்படிப்பிற் புகுந்தபின் தொடுவாரின்றித் தூசி படிந்து கிடந்தது. அதனை விற்க எண்ணி, "நல்ல நிலையிலுள்ள பொறி, 22 விளையாட்டுகளுடன் 350 வெள்ளி" என்று விளம்பரம் எழுதினோம். அவ்விருபத்திரண்டில் தட்டாக வாங்கியவை நான்கே. எஞ்சிய 18-உம் இணையக் கடையிற் பணம் கட்டிப் பதிவிறக்கம் செய்தவை. அவற்றிற்கு மட்டும் நாம் கொடுத்தது 700 வெள்ளிக்குக் குறையாது. தட்டும் பதிவிறக்கமும் அன்று நமக்கு ஒன்றாகவே தோன்றின.

விளம்பரத்தைக் கண்டு வந்தவர், ஜொகூரிலிருந்து நாள்தோறும் பாலத்தைக் கடந்து இங்கு வேலைக்கு வரும் தமிழர். தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவர். மகனின் பிறந்த நாளுக்கென்று வாங்க வந்திருந்தார். தான் விரும்பிய விளையாட்டுகளின் பெயர்களை அப்பையன் எழுதிக் கொடுத்திருந்த தாளொன்று அவர் சட்டைப் பையில் இருந்தது.

பிறர் கைக்குப் போகும் பொறியினின்று நம் கணக்கை நீக்கிக் கொடுப்பது முறையாதலின், அவர் முன்னிலையிலேயே அதனை அழித்தோம். அழித்ததும் அந்தப் 18 விளையாட்டுகளும் திரையினின்று மறைந்தன! பொறியைப் பழுதாக்கிவிட்டோமோ என்று திகைத்தோம். பழுது பொறியிலில்லை. விளையாட்டுகள் பொறிக்குரியவையல்ல; நம் பெயரிலுள்ள கணக்குக்குரியவை. கணக்கோ பிறர்க்கு மாற்றத்தக்கதன்று. வாங்கும்போது நாம் படியாமலே "சம்மதம்" என்று அழுத்திய நீண்ட ஒப்பந்தத்தில், நமக்கு அளிக்கப்படுவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே, உடைமையன்று என்று எழுதியிருந்தது. படியாதது நம் பிழை. ஆயினும், பணம் கட்டிய பொத்தானின் மேல் "வாங்கு" என்றுதானே எழுதியிருந்தது?

வந்தவர் சற்று யோசித்து, "அண்ணே, கணக்கையே என்னிடம் கொடுத்துவிடுங்களேன். பெயரும் கடவுச்சொல்லும் தெரிந்தால் போதுமே" என்றார்.

சபலம் நம்மையும் பற்றாமலில்லை. கேட்ட விலை முழுதும் கிடைக்குமன்றோ? எனினும் எண்ணிப் பார்த்தோம். அக்கணக்கில் நம் பெயரும், மின்னஞ்சலும், வங்கி அட்டையின் எண்ணும் உள்ளன. அவற்றை நீக்கிவிட்டுக் கொடுப்பினும், கணக்கைத் தொடங்கியவர் நாம் என்று காட்டி நாளையே அதனைத் திரும்பப் பறித்துக்கொள்ள நம்மால் இயலும். கைம்மாறியது தெரிந்தால் நிறுவனமும் அதனை முடக்கிவிடலாம். அவர் கொடுக்கும் பணம் மட்டும் உறுதி. அவர் பெறும் பொருள் உறுதியன்று. அத்தகைய விற்பனை ஏமாற்றமே என்று கண்டு, உண்மையை விளக்கி மறுத்துவிட்டோம்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "எங்கள் லயத்து வீடு மாதிரி என்று சொல்லுங்கள். அப்பா நாற்பது வருஷம் குடியிருந்தார்; முன்னால் பந்தல் போட்டார், முருங்கை வைத்தார். வேலை முடிந்த மாதமே சாவியைக் கேட்டார்கள்" என்றார்.

நேயர்காள், ஒப்பந்தம் பல பக்கங்களில் மறைத்ததை அவர் ஒரு சொல்லில் விளக்கிவிட்டார். பதிவேட்டில் பெயர் உள்ளவரை வீடு. பெயர் நீங்கினால் வெளி. 2009-இல் அமேசான் நிறுவனம், வாசகர் விலைக்கு வாங்கிய ஜார்ஜ் ஆர்வெலின் நூல்களை, அவற்றை விற்றவர்க்கு உரிமையில்லையெனக் கண்டு, அவர்தம் கிண்டில் கருவிகளினின்று தொலைவிலிருந்தே அழித்துப் பணத்தைத் திருப்பித் தந்தது. காகிதப் புத்தகமாயின், வீடு புகுந்து எடுத்துச் செல்ல எந்தக் கடைக்காரர் துணிவார்?

பழம்பொருள் விற்பனையை இழிவாகக் கருதுவோர் உளர். அஃது ஏழையின் கடைவீதியென்பதை அவர் மறந்தனர். தேக்காவுக்கு அணித்தே, சுங்கை ரோட்டில் 1930-களிலிருந்து நடந்துவந்த சந்தை, "திருடர் சந்தை" என்று பழிப்பெயர் சுமந்தும், வானொலியையும் கைக்கடிகாரத்தையும் எளியவர் கைக்கெட்டச் செய்தது. 2017 ஜூலை 10-ஆம் நாளோடு அது மூடப்பட்டது. சந்தை மூடினாலும் பொருள் வேறிடத்தில் கைமாறும். கைமாறவே இயலாத பொருளுக்கோ சந்தையே இல்லை.

இதற்கு நீதி கேட்டோர் இல்லாமலில்லை. ஒரு நாவலை 1 டாலருக்குக் குறைத்து விற்றல் கூடாதென்று பதிப்பாளர் அதிலேயே அச்சிட்டிருக்க, கடைக்காரர் 89 காசுக்கு விற்றார். முதல் விற்பனைக்குப்பின் விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பதிப்பாளர்க்கில்லையென 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2012-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், காலவரையின்றி விற்கப்பட்ட கணினி மென்பொருளைப் பதிவிறக்கம் செய்தவர், தம் பிரதியைப் பயன்படாதவாறு செய்துவிட்டு மறுவிற்பனை செய்யலாம் என்றது. ஆயின் 2019-இல் அதே மன்றம் மின்னூல்களுக்கு அவ்வுரிமையை மறுத்தது. ஸ்டீம் என்னும் விளையாட்டுக் கடையின் மீது பிரெஞ்சு நுகர்வோர் சங்கம் தொடுத்த வழக்கு 2019-இல் பாரிஸில் வென்று, 2022-இல் மேல்முறையீட்டில் தோற்று, 2024-இல் உயர்ந்த மன்றத்திலும் தோற்றது.

ஆயினும் ஒரு சிறு வெளிச்சம் தெரிகின்றது. 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டமொன்று, உரிமத்தை மட்டும் தருவோர் அதனைத் தெளிவாக உரையாமல் "வாங்கு" என்று விளம்பரப்படுத்தலாகாது என்கிறது. சொல்லில் நேர்மை வேண்டுமென்னும் இக்கோரிக்கை எந்நாட்டிற்கும் பொருந்தும். அதனோடு, 2012-இல் மென்பொருளுக்குச் சொன்ன முறையை விளையாட்டுக்கும் நல்கினால் எவர்க்கு நட்டம்? விற்பவரிடம் நீங்கி வாங்குபவரிடம் சேர்வது ஒரே பிரதிதானே?

அதுவரை நாம் செய்யத்தக்கவை சில. தட்டு நுழையும் வாயிலே இல்லாத பொறிகள் சற்று மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றிற்கு வாங்கும் விளையாட்டு எதையும் பின்னர் விற்க இயலாது என்பதையும் விலையோடு சேர்த்து எண்ணுக. விற்கும்போது கணக்கை நீக்கி, பொறியின் நினைவை அழித்து, கையில் எடுத்துக் கொடுக்கக்கூடியதை மட்டுமே விளம்பரத்தில் எழுதுக. நாம் எழுதிய விளம்பரம் அறியாமல் எழுதியதாயினும் பொய்யே.

அவரிடம் பொறிக்கும் நான்கு தட்டுகளுக்குமாக 200 வெள்ளி மட்டும் பெற்றுக்கொண்டோம். அவர் குறைசொல்லாமல் எண்ணிக் கொடுத்தார். போகுமுன் மகனின் தாளை விரித்து, நான்கு தட்டுகளையும் ஒவ்வொன்றாக அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பின்பு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எத்தனை பெயர்கள் ஒத்திருந்தன என்று கேட்க நமக்கு நா எழவில்லை.