வெள்ளீயத்தின் இரண்டு கண்ணாடிகள்

மட்டாஞ்சேரி ஜூ டவுனின் பழம்பொருள் கடைகளில் ஆரன்முளா கண்ணாடியும் ரசம் பூசிய பழைய நிலைக்கண்ணாடியும் விலைக்கு வருவதுண்டு. இரண்டிலும் முகம் காட்டுவது வெள்ளீயம் சேர்ந்த கலவைதான். ஆனாலும் இரண்டுக்கும் ஒரே பராமரிப்பு ஆகாது என்பதே பழம்பொருள் செப்பனிடும் என் வாதம். ஆரன்முளாவில் செம்போடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயத்தை மூசையில் உருக்கி வார்க்கிறார்கள். 22 சதவீதத்தோடு நிறுத்தினால் அது மணி வார்க்கும் வெண்கலம். அதற்கு மேல் போனால், வெளுத்த, கெட்டியான ஒரு சேர்மம் பெருகும். ஆரன்முளா கண்ணாடி மெருகு ஏறுவதும், விழுந்தால் சில்லாக உடைவதும் அதனால்தான். விரல் நுனியை வைத்தால் விரலும் பிம்பமும் இடைவெளி இல்லாமல் தொடும். நிலைக்கண்ணாடிக்கோ உலையே வேண்டியதில்லை. மெல்லிய வெள்ளீயத் தகட்டில் பாதரசத்தை ஊற்றி, மேலே கண்ணாடியைப் பதித்து, பாரம் ஏற்றி மிச்ச ரசத்தை வடித்தார்கள். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு வரை இதுவே வழக்கம்.

ரசக்கலவையும் உலோகக்கலவையில் ஒரு வகைதானே என்று வேதியியல் படித்தவர்கள் கேட்பார்கள். வகைப்படி அது சரிதான். ஆனால் எவ்வளவு வடித்தாலும் படிகங்களுக்கு நடுவே கொஞ்சம் ரசம் திரவமாகவே தங்கிவிடுகிறது. ஆண்டுகள் போகப் போக அது கீழே இறங்கி, சட்டத்தின் அடிவிளிம்பில் பொடிப்பொடி மணிகளாகத் திரளும். வெள்ளீயம் அரிக்க அரிக்க மேலும் ரசம் விடுபடும். கொச்சியின் உப்புக்காற்றில் வெண்கலமும்தான் பச்சை பிடிக்கிறது. குளோரைடு ஏறினால் பொடிந்தே போகும். ஆனால் அந்தக் கேடு வெளியிலிருந்து வருவது, ஈரத்தைத் தடுத்தால் அடங்கும். ரசக்கலவைக்குப் பகை உள்ளேயே இருக்கிறது. பல் அடைப்பில் பாதியளவு ரசம் இருந்தும் ஆண்டுக்கணக்கில் நிற்கிறதே என்றால், அங்கே வெள்ளியும் வெள்ளீயமும் ரசத்தை வாங்கித் திடச் சேர்மங்களாக இறுகிவிடுகின்றன. திரவமாக மிஞ்சும் ரசம்தான் கேட்டுக்கு வேர் என்பதை இந்த எதிர்வாதமே உறுதிப்படுத்துகிறது.

ஆகவே பழைய நிலைக்கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பக் கூடாது; வடிந்த ரசம் திரும்ப ஓடி நல்ல இடத்தையும் கெடுக்கும். ரசம் போன கண்ணாடி விலை போகாது என்று பின்புறத்தைச் சுரண்டி வெள்ளி பூசச் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. 1835இல் லீபிக் கண்டுபிடித்த வெள்ளி முறை நல்ல முறைதான், புதுக் கண்ணாடிக்கு. பழையதைச் சுரண்டினால் நச்சு ரசம் பட்டறையில் பரவும், நூற்றாண்டுத் தடயமும் போய்விடும். காற்றோட்டமான இடத்தில் நேராக நிறுத்தி, அடியில் திரளும் மணிகளைக் கையுறையோடு எடுத்து மூடிய குப்பியில் சேர்ப்பதே தகும். ரசம் போன புள்ளிகள் அப்படியே இருக்கட்டும்.