சித்தன்னவாசல் தந்த சிந்தனை

புதுக்கோட்டைக்கு அருகே, அன்னவாசலை அடுத்துள்ளது சித்தன்னவாசற் குன்று. ஏழடிப்பட்டக் குகையில் சமண முனிவர் துயின்ற கற்படுக்கைகளைத் தொட்டுப் பார்த்தேன். கீழே, தாமரைக் குள ஓவியம் திகழும் அறிவர் கோயிலை 9ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தவர் இளங்கௌதமன் எனும் மதுரை ஆசிரியர் என்கிறது கல்வெட்டு. மதுரைப் பெரியவர் ஒருவர் தொலைவிலிருந்த தம் சமயத்தாரை மறக்கவில்லை!

பிற்காலத்தில் அம்மதுரை நாட்டை ஆண்ட இராணி மங்கம்மாளும் நினைவில் எழுந்தார். 1693-இல் புனித அருளானந்தர் ஓரியூரில் தலை கொடுத்த மறவநாட்டிலே, சிறைப்பட்டிருந்த மெல்லோ அடிகளாருக்கு விடுதலை பெற்றுத் தந்தவர் அவரே. அவரோ கிறிஸ்தவர் அல்லர்!

அன்பர்களே, வழக்கறிஞராய், அலுவலராய், ஊர்ப் பெரியவராய் நம்முள் பலருக்குச் சொல்வாக்கு உண்டு. விசுவாசத்திற்காகத் துன்புறும் சகோதரருக்காக அதனை என்று பயன்படுத்தப் போகிறோம்?