அப்பாவோட புல்லட்டும் ஒரு மில்லிமீட்டரும்

மாற்றல் வாங்கி திருவனந்தபுரம் வந்தப்போ சாமான் எல்லாம் லாரியில. அப்பாவோட 1984 மாடல் புல்லட் மட்டும் ரயில்ல, பார்சல்ல. தம்பானூர் ஸ்டேஷன்ல உடம்பெல்லாம் சாக்கு சுத்தி, டாங்கில சொட்டு பெட்ரோல் இல்லாம அது நின்னதைப் பார்த்தா, ஊர்லேருந்து தனியா வந்து இறங்கின பெரியவர் மாதிரி இருந்தது.

போன மாசம் லீவுக்கு வந்த அக்கா பையன் ஆரம்பிச்சான். "மாமா, போர் அடிச்சு பெரிய பிஸ்டன் போட்டா வண்டி பறக்கும்!" (எனக்கு போர் அடிக்கலைடான்னு சொல்லிப் பார்த்தேன். சிரிக்கலை.) உள்ளுக்குள்ள எனக்கும் ஆசைதான்.

சரி, நமக்குத் தெரிஞ்சது கணக்கு. போட்டுப் பார்ப்போம்.

பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350-க்கு போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. ஆக 346 சிசி. பவர் சுமார் 18 குதிரை. போரை 72 ஆக்கினா 366 சிசி. ஆறு சதவீதம் கூட. எல்லாம் ஒழுங்கா அமைஞ்சா ஒரே ஒரு குதிரை லாபம்!

செலவு? பிளாக்கோட சுவர்ல சுத்திலும் 1 மி.மீ. காலி. சுவர் மெலிஞ்சா சூட்டுலயும் அழுத்தத்துலயும் வட்டம் கோணும். ரிங் ஒட்டி உட்காராது. ஆயில் மேல ஏறும், கம்ப்ரஷன் கீழ இறங்கும். வந்த குதிரை பழைய குதிரைகளையும் கூட்டிட்டு ஓடிடும். வட்டிக்கு ஆசைப்பட்டு முதலை உடைக்கிற கதைதான்.

கம்பெனிக்காரங்களே இதைச் செய்யலை. புல்லட் 500-க்கும் அதே 90 ஸ்ட்ரோக்தான், போர் 84. அதுக்காக 350 பிளாக்கைக் குடையலை, அகலமா தனி பிளாக்கே வார்த்தாங்க.

இன்னொரு விஷயம் சூடு. வார்ப்பிரும்பு சீக்கிரம் தேயாது, ஆனா சூட்டைக் கடத்துறதுல அலுமினியத்துல மூணுல ஒரு பங்குதான். பவரைக் கூட்டினா சூடும் கூடும், அது வெளியே போகணுமே! அதனாலதான் இப்போ பெரும்பாலும் அலுமினிய பிளாக். பிஸ்டன் உரசுற இடத்துல மட்டும் இரும்பு ஸ்லீவோ கெட்டியான பூச்சோ இருக்கும். 2020-ல வந்த மீட்டியார் 350-ல போர் 72, ஸ்ட்ரோக் 85.8. வெறும் 349 சிசியில 20.2 குதிரை. குடைஞ்சு வந்ததில்லை, முதல்லேருந்து அப்படியே வடிவமைச்சது.

இவ்வளவு கணக்கு போட்டும் ஆசை விடலை. வண்டியை ஆசான்கிட்ட கொண்டு போனோம். (இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுறாங்க.) பிளாக்கைக் கழட்டி கேஜ் விட்டுப் பார்த்தார். அப்பா ஏற்கெனவே மூணு தடவை போர் அடிச்சிருக்கார். எனக்கே தெரியாது.

"சாரே, இனி செத்தியா ஒண்ணும் பாக்கி காணில்லா."

ஸ்லீவ் இறக்கி, பழையபடி 70-க்கே கொண்டு வரலாம்னார். சரின்னேன். மருமகன் முகம் தொங்கிப்போச்சு. வண்டி ரெடியானதும் முதல்ல உதைச்சு ஸ்டார்ட் பண்ணினதும் அவன்தான்.

ராத்திரி அம்மா போன்ல, "அப்பா வண்டி ஓடுதா?"ன்னாங்க. பதில் சொல்லாம போனை எஞ்சின் பக்கத்துல பிடிச்சேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை.

அப்புறம், "மெதுவாவே ஓட்டுப்பா"ன்னாங்க.