மலைமேல் ஒரு கூரை

வத்திராயிருப்பு வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது கான்சாபுரம். 1764-ம் வருஷம் மதுரையில் தூக்கிலிடப்பட்ட வீரன் கான்சாகிபு யூசுப்கானின் பெயரைத் தாங்கிய ஊர் என்று சொல்வார்கள். வயல்களுக்கு அப்பால் நிமிர்ந்து பார்த்தால் கண் நிறைய மலைதான். சித்தர்கள் உறைவதாக ஜனங்கள் நம்பும் சதுரகிரியும் அந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது.

தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து ஓடைகளையும் பாறைகளையும் கடந்து ஏறினால், சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் சந்நிதிகளை அடையலாம். ஆடி அமாவாசையன்று திரளும் கூட்டத்தைச் சொல்லி முடியாது. ஆனால் வண்டிப் பாதை கிடையாது. ஒரு படி அரிசியாயினும், ஒரு தகரத் தகடாயினும், மனிதன் தலையில் ஏறித்தான் மேலே செல்ல வேண்டும். ஆகவே, அங்கே ஒழுகாத ஒரு கூரை இருப்பது அற்ப விஷயமல்ல. 2015-ம் வருஷம் மே மாதத்தில் ஓடையில் திடீரென்று வெள்ளம் பெருகிப் பக்தர் பலர் மாண்டனர். நீர் வடியும்வரை தங்கியிருக்க ஓர் இடம் என்பது மலையில் உயிர் காக்கும் சாதனமாகும்.

கூரை போடப் புண்ணியவான்கள் கிடைத்துவிடுகிறார்கள். கல்லில் பெயரும் பொறிக்கப்படுகிறது. அடுத்த ஐப்பசி மழையில் வாய்க்காலைச் சருகு அடைத்துக்கொண்டால், அதைத் தள்ளிவிடுபவர் யார்? தளத்தில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்குபவர் யார்?

மேல்நாட்டார் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1863-ல் தோன்றிய ஸ்விட்ஸர்லாந்து ஆல்பைன் சங்கம் அவ்வருஷமே தன் முதல் மலைக் குடிசையை எழுப்பியது. இன்று அதற்குச் சுமார் 150 குடிசைகள் உண்டு. பிரிட்டனில் உள்ள மலையேறும் சங்கங்கள் சில, வாரக் கடைசி நாட்களைக் குடிசைப் பராமரிப்புக்கென்றே ஒதுக்குகின்றன. வக்கீலும் வாத்தியாரும் கூலி வாங்காமல் ஓடு மாற்றுகிறார்கள், வர்ணம் பூசுகிறார்கள், சாக்கடை தோண்டுகிறார்கள். வேலை முடிந்ததும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

இதைக் கேட்டு நாம் வியக்க வேண்டியதில்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே அப்பர் பெருமான் கையில் உழவாரப் படை ஏந்தி, கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினார். அந்தப் பெயராலேயே இன்றும் ஞாயிறுதோறும் அன்பர்கள் குழுக்களாகச் சென்று கோயில்களைத் துப்புரவு செய்கிறார்கள். நமக்குத் தெரிந்த இந்த உழவாரத்தை மலைமேலும் எடுத்துச் செல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை மறக்கலாகாது. இந்தக் காடு நரை அணில் சரணாலயமாக 1988-லும், மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமாக 2021-லும் அறிவிக்கப்பட்டது. ஆகையால் வனத்துறையின் அனுமதியும், அது வகுத்த நேரமும் அவசியம். காட்டில் கம்பு வெட்டலாகாது. புதுக் கட்டிடமும் வேண்டாம். உள்ளதைப் பழுது பார்த்து, மற்றவர்கள் போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக்கைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி இறக்கினாலே போதும். மானும் குரங்கும் அதைத் தின்று சாகாமல் இருக்கும்.

தரிசனத்துக்கு ஏறும்போது நம் வீட்டு வாலிபர்கள் ஒரு நாளைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளட்டும். ஏறுகையில் ஒரு துடைப்பமும் இறங்குகையில் ஒரு சாக்கும் பெரிய சுமையல்ல. அடுத்த மழையில் முன்பின் அறியாத ஒரு கிழவி அந்தக் கூரையின்கீழ் நனையாமல் உட்கார்ந்திருப்பாள். அதைவிடப் பெரிய பிரசாதம் வேறென்ன வேண்டும்?